கைப்பேசி வழி வரும் உறவு

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அக்காலத்தில் கொழுந்து பறிக்க வந்தோர்க்கு ஊர்ச் செய்தி கடிதம் வாயிலாகவே கிட்டியது. எழுத்தறியாதோர் அதனைப் பிறரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டனர்.

2009ஆம் ஆண்டு தோன்றிய வாட்ஸ்அப் அந்நிலையை மாற்றியது. இன்று மலைத்தோட்டத்துத் தாய், பட்டணத்தில் பணிபுரியும் மகனை முகம் பார்த்துப் பேசுகிறாள்.

ஆயினும், அன்று பலர் கூடிக் கேட்ட செய்தியை இன்று நாம் தனித்தே படிக்கிறோம். இதனையே ஏமாற்றுவோர் பயன்படுத்துகின்றனர். “அம்மா, இது என் புதிய எண், அவசரமாகப் பணம் அனுப்புங்கள்” என மகனின் பெயராலும் படத்தாலும் செய்தி வரக்கூடும்.

பால்மரத் தோட்டத்து அன்பர்களே! அத்தகைய செய்தி வரின், பழைய எண்ணில் மகனை அழைத்துப் பேசுங்கள். வீட்டாரிடமும் காட்டுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர்கள்.

பணம் பறிபோயின், வெட்கி மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். இது 2022ஆம் ஆண்டு மோசடிகளைத் தடுக்க அரசாங்கம் தொடங்கிய தேசிய மையத்தின் எண். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும், மீட்பது அரிதாகும்.

உறவை வளர்க்கும் கருவியை விழிப்புடன் கையாள்வோமாக!