நெட்டலையும் குறுக்கலையும்: பூமி ஆடிய நாளின் பாடம்

2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46 மணி. கட்ச் பகுதியில் பச்சாவ் அருகே பூமிக்கடியில் பாறை முறிந்தது. அகமதாபாத்தில் அன்று இருந்த நம் தமிழன்பர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். "முதல்ல லாரி போற மாதிரி ஒரு கடகடப்பு, அப்புறம்தான் வீடே ஆடிச்சு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே நடுக்கம் இரண்டாக வந்து சேர்வானேன்? இதற்கு விடை தேடப் போய்த்தான் எனக்கு அலைகளின் வகை விளங்கிற்று. கல்லூரிப் படிப்பு இல்லாதவன்; புரிந்தபடியே சொல்கிறேன்.

அலை என்றால் பொருள் பயணம் போவதல்ல, அசைவு பயணம் போவது. ரயில்வே யார்டில் கூட்ஸ் வண்டியின் மீது எஞ்சின் வந்து இடிக்கும்போது பாருங்கள். 'டக் டக்' என்று அந்த இடி கடைசி வேகன் வரை ஓடும். ஒவ்வொரு வேகனும் அலை போகும் திசையிலேயே சற்று முன்னும் பின்னும் அசையும். இது நெட்டலை. காற்றில் ஓசை வருவதும் இப்படித்தான்.

ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறுங்கள். வளைவு கம்பியை நோக்கி ஓடும். கயிறோ மேலும் கீழுமாக ஆடும். இது குறுக்கலை.

குறுக்கலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு துகள் பக்கவாட்டில் நகர்ந்தால் அடுத்த துகளையும் கூடவே இழுக்க வேண்டும். பாறை இழுக்கும், தண்ணீர் வழுக்கிவிடும். ஆகவே திரவத்தின் உள்ளே நெட்டலை செல்லும், குறுக்கலை செல்லாது. (ஒளியும் குறுக்கலையே. ஆனால் அது மின்காந்த அலை, அதற்கு ஊடகமே வேண்டாம்.)

1897 ஜூன் 12 அன்று நடந்த அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர்.டி. ஓல்டாம். தொலைதூரக் கருவிகளின் பதிவுகளில் நெட்டலை, குறுக்கலை, மேற்பரப்பலை மூன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். பூமிக்குள் தனியாக ஒரு கருவம் உண்டு என்று 1906-இல் சொன்னவரும் அவரே. கருவம் திரவம் என்று 1926-இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் நிறுவினார். பிறகு 1936-இல், அதற்குள்ளே இன்னொரு உட்கருவமும் உண்டு என்று இங்கே லேமன் கண்டறிந்தார். மனிதன் தோண்டிப் பார்க்க முடியாத ஆழத்தை அலைகள் சொல்லிவிட்டன!

இனி நம்ம ஊர்க் கணக்கு. மேலோட்டுப் பாறையில் நெட்டலை வினாடிக்குச் சுமார் 6 கி.மீ., குறுக்கலை சுமார் 3.5 கி.மீ. ஓடும். பச்சாவ் பக்கத்திலிருந்து அகமதாபாத் சுமார் 240 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்னது வர 40 வினாடி, பின்னது வர 69 வினாடி. இடைவெளி கிட்டத்தட்ட அரை நிமிடம்! முதலில் வரும் நெட்டலை பெரும்பாலும் பலவீனமானது. பின்னால் வரும் குறுக்கலையும் மேற்பரப்பலையுமே கட்டடத்தைப் பக்கவாட்டில் உலுக்குகின்றன. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டிய தூண்கள் பலவற்றுக்கு அந்த உலுக்கல்தான் எமன்.

இந்த இடைவெளிதான் முன்னெச்சரிக்கைக்கு மூலதனம். நடுக்க மையத்தருகே உள்ள கருவி நெட்டலையை உணர்ந்ததும், மின்சார வேகத்தில் தொலைவூர்களுக்குச் செய்தி போகும். உத்தராகண்டில் 2021-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. உருவாக்கிய கைபேசிச் செயலி இந்த அடிப்படையில் அமைந்ததே. மையத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் இடைவெளி மிகக் குறைவு.

ஆகவே கடகடப்பு கேட்டால் "என்ன சத்தம்?" என்று யோசித்து நிற்காதீர்கள். உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நெட்டலை தூதன்; குறுக்கலை பின்னாலேயே வருகிறது.