புகார் ஏடு காலியாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள்

உழைக்கும் பெண்களுக்கு உரிமைகளைக் கற்றுத்தரும் திட்டங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை பயிற்சி முகாம்கள், இத்தனை பேர் பங்கேற்பு, இத்தனை துண்டறிக்கைகள், குத்துவிளக்கு ஏற்றும் படம் ஒன்று. எங்காவது ஓர் ஓரத்தில் இப்படி ஒரு வரியும் இருக்கும்: "இந்த ஆண்டு பாலியல் தொந்தரவு தொடர்பாகப் புகார் எதுவும் வரவில்லை." படித்ததும் நிதி கொடுத்தவருக்கு நிம்மதி, நிர்வாகத்துக்கும் நிம்மதி. என்னைக் கலங்க வைப்பது அந்த வரிதான். நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் ஆண் சூப்பர்வைசர்களின் கீழ் டார்கெட்டுக்கு ஓடும் ஓர் இடத்தில் ஒரு புகார்கூட இல்லை என்றால், அங்கே யாரும் வாய் திறக்க முடியவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 2021 ஜனவரியில் இங்குள்ள நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் புத்தாண்டு நாளில் காணாமல் போனார். சில நாட்களில் அவரது உடல் கிடைத்தது. பட்டியலினத்தைச் சேர்ந்தவர். அவர் வேலை செய்த ஆலையின் சூப்பர்வைசர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாக அந்த ஆள் கொடுத்த தொல்லையைப் பற்றிக் குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் பேசினார்கள். அதன்பிறகுதான் வேறு பல பெண்களும் ஆலைக்குள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல முன்வந்தார்கள். இறந்த பெண்ணின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் நான் எழுதவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது நம் சட்டம். புகார் கொடுக்கத் தயங்கும் எந்தப் பெண்ணும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பும் அதுவே.

அந்த ஆலை வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைத்தது. அப்படிப்பட்ட ஆலைகளுக்குத் தணிக்கைக்காரர்கள் வருவதும், படிவத்தில் டிக் போடுவதும், சான்றிதழ் தருவதும் வழக்கம். பாலியல் தொந்தரவைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆக, சட்டமும் இருந்தது, ஆய்வும் இருந்தது. நடுவே இருக்க வேண்டிய ஒன்று இல்லை: ஒரு பெண் பயமில்லாமல் போய்ச் சொல்லக்கூடிய ஆள்.

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகெங்கும் அதற்கு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன ஊரின் பெயரைத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் பதித்தது பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு தொழிற்சங்கம். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமான அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களோடு ஆசிய ஊதியக் கூட்டமைப்பும், அமெரிக்காவிலுள்ள ஒரு தொழிலாளர் நீதி அமைப்பும் சேர்ந்து நின்றன. எதிர்ப்பக்கத்தில் ஆலையின் தாய் நிறுவனமான திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ். எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் கட்டுப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன்கீழ் வந்தார்கள். இந்த மாதிரியான ஏற்பாடு இதற்கு முன் 2019ல் ஆப்பிரிக்காவின் லெசோதோ நாட்டில் ஜீன்ஸ் ஆலைகளுக்காக உருவானது. ஆசியாவில் இதுவே முதல்.

வழக்கமான நலத்திட்டத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? பயிற்சி இதிலும் உண்டு, தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் மேலதிகாரிக்கும் சேர்த்தே. ஆனால் பயிற்சியோடு நிற்கவில்லை. தையல் லைன்களுக்குள்ளேயே வேலை பார்க்கும் பெண்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பாளர்களாக நியமித்தது. பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும், அவர் விஷயத்தை எடுத்துச் செல்வார். அவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் உள்ள நிபந்தனை. சாதி சொல்லி ஒதுக்குவதும், வெளிமாநிலத்தவர் என்று இழிவாகப் பேசுவதும் குற்றங்களாகவே வரையறுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலை வாக்கைக் காப்பாற்றாவிட்டால் பிராண்டுகள் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. விழிப்புணர்வுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் இல்லாத பல் இதற்கு இருந்தது.

முதல் ஆண்டு அறிக்கை வந்தபோது அதில் 185 புகார்கள். அவற்றில் 23 பாலியல் மற்றும் பாலினரீதியான தொந்தரவு பற்றியவை. ஏறக்குறைய எல்லாப் புகார்களும் தீர்த்துவைக்கப்பட்டன. ஒரு கொலைக்குப் பிறகு எல்லாக் கண்களும் பட்டுக்கொண்டிருந்த ஆலையில், ஓராண்டில் 185 புகார்! பழைய கணக்கில் பார்த்தால் இது தோல்வி. என் கணக்கில் இதைவிட நல்ல செய்தி அந்த ஆலையிலிருந்து வந்திருக்க முடியாது. குற்றம் பெருகியதால் எண்ணிக்கை பெருகவில்லை. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையே பெருகியிருக்கிறது.

சின்னச் சின்னக் குறைகளுக்கும் இதில் இடமுண்டு. அதைச் சிலர் கேலியாகச் சொல்வார்கள்: "பாலியல் கொடுமையை ஒழிக்க வந்த திட்டத்தில் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எதற்குப் பேச்சு?" ஆயத்த ஆடை ஆலையின் நாளை அருகிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். லைன் முனையில் உள்ள பலகையில் மணிக்கு மணி எண்ணிக்கை ஏறும். ஒரு டெய்லர் பாத்ரூம் போனால் அவருக்குப் பின்னால் உள்ளவருக்குத் துணி வராது, எண்ணிக்கை இறங்கும். சூப்பர்வைசர் கத்துவார், அவருக்கு மேலே உள்ளவர் அவரிடம் கத்துவார். அதனால் பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுப்பது ஒரு ஆண். யாருக்குச் சட்டென்று தலையாட்டுவது, யாரை நிற்க வைப்பது, யாரிடம் பதிலுக்கு ஏதாவது எதிர்பார்ப்பது என்று அந்த அதிகாரம் மெல்ல விரியும். அசிங்கமான வசவு இன்று, தோளில் கை நாளை. முதல் படியில் தடுக்க முடியாதவர்கள் கடைசிப் படியிலும் தடுக்க மாட்டார்கள். தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றிப் புகார் கொடுத்துப் பழகிய பெண்தான் பிறகு பெரிய புகாரோடும் வருவாள்.

இங்கே இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத் துறை இந்த ஆலையின் சரக்கைத் தன் நாட்டுக்குள் விடாமல் நிறுத்தியது. ஒப்பந்தத்தின்படி நடந்த சீர்திருத்தங்கள் எடுத்துக்காட்டப்பட்ட பின், செப்டம்பரில் அந்தத் தடை நீங்கியது. தடை நீடித்திருந்தால் ஆர்டர் போயிருக்கும், ஷிப்ட் குறைந்திருக்கும், வாய் திறந்த பெண்களே முதலில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். குற்றம் செய்தவனைத் தண்டிக்கக் கிளம்பி, பாதிக்கப்பட்டவளின் பிழைப்பைப் பறிக்கும் தீர்வு தீர்வாகாது.

வீட்டுக்கும் இதே விதி பொருந்தும். மில்லில் ஏதோ பிரச்சினை என்று காதில் விழுந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில், "நீ வேலைக்கே போக வேண்டாம்." அப்பாவோ அண்ணனோ அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் தொல்லை கொடுத்தவன் மறுநாளும் அதே லைனில் நடக்கிறான், பெண்ணின் சம்பளம் நிற்கிறது, அடுத்த முகூர்த்தத்துக்குள் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. இது தெரிந்துதான் பெண்கள் வீட்டிலும் சொல்வதில்லை. அதனால் ஒரு திட்டம் பயன் தந்ததா என்று பார்க்க வருபவர்கள் ஆலைக்குள் மட்டும் கேள்வி கேட்டால் போதாது. புகார் கொடுத்த பெண் ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறாரா, அதே சம்பளம் வாங்குகிறாரா, ஓவர்டைம் மறுக்கப்பட்டதா, லைன் மாற்றப்பட்டது அவரா அல்லது அந்த ஆளா என்று தேடிப் பார்க்க வேண்டும். அவரிடம் பேசுவதும் நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்த அறையில் நடக்கக் கூடாது. ஊரில், ஒரு பெண் கேட்டு, பெயர் குறிக்காமல் நடக்க வேண்டும். மேனேஜர் கதவோரம் நிற்கும்போது வரும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்ற பதிலுக்கு மதிப்பெண் போடுவது ஆய்வாகாது.

ஒப்பந்தம் எட்டாத இடங்களே இந்த மாவட்டத்தில் அதிகம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் வரிசையாக இருக்கின்றன. 'சுமங்கலி' என்ற பெயரில், மூன்றாண்டு வேலை முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சிறு பெண்களைச் சேர்த்துக்கொண்ட வழக்கத்தின் நினைவு இந்த வட்டாரத்தில் இன்னும் ஆறவில்லை. பல இடங்களில் ஹாஸ்டலில் தங்கி, கேட்டுக்குள்ளேயே நாளைக் கழிப்பவர்கள் நூற்பாலைப் பெண்கள். தோட்டத்தில் பூப்பறிப்பவர், வீட்டு வேலை செய்பவர், சின்னப் பட்டறையில் இருப்பவர் ஆகியோருக்கு எந்த பிராண்டும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுக்கு இருப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். அது அச்சடித்த காகிதமாக மட்டும் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து வந்தவர். குழுவே வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் ஆலையின் அறிவிப்புப் பலகையில் இந்தக் குழுவின் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். ஒட்டியிருந்தால் அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை போன் செய்து பாருங்கள். வேலையை விட்டுப் போய்விட்டவர் பெயரும் உபயோகத்தில் இல்லாத எண்ணும் பலகையில் இருந்தால், அங்கே குழு இல்லை என்றே கொள்ளுங்கள்.

தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தரலாம். எழுதத் தெரியாதென்றால் எழுதித் தருவது குழுவின் கடமை. எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த இடம், என்ன சொன்னான், என்ன செய்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். போனில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். கொடுத்த புகாருக்கு ரசீது வாங்குங்கள். மில் அனுப்பும் வேனில் நடந்ததும் வேலையிடத்தில் நடந்ததாகவே சட்டம் பார்க்கிறது, டிரைவர் மீதும் புகார் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்களையோ அந்த ஆளையோ வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகிவிடாது. "பொய்யானால் உன்மேல்தான் கேஸ் வரும்" என்று மிரட்டுபவர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். "ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்" என்று பேசி வந்தால், பணத்தை வைத்துச் சமரசம் செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

பத்துப் பேருக்குக் குறைவான இடமா? தொல்லை தருபவர் முதலாளியேவா? அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். ஒவ்வொரு வட்டத்திலும் புகாரை வாங்கி ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். குழுவுக்குப் போவதால் போலீஸுக்குப் போகும் உரிமை போய்விடாது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். 181 எண்ணில் எந்நேரமும் பெண்களுக்கு உதவி கிடைக்கும், பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 1098. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது, அதற்கான எண் 15100.

ஒப்பந்தம் போட்ட ஆலையில் சங்கம் இருந்ததால்தான் இத்தனையும் உயிர்பெற்றது. சங்கம் இல்லாத இடத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவும் கிராமசபையும் ஒரு தொடக்கமாகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். புகார் கொடுத்தவரின் விவரத்தைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் இவற்றைக் கேட்கலாம்: நம் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் வட்டங்களின் பொறுப்பு அதிகாரிகள் யார், சென்ற ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை 90 நாளில் முடிந்தது, உள்ளகப் புகார்க் குழுவின் ஆண்டறிக்கை தராத ஆலைகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு அபராதம் போட்டீர்கள்?