இறங்கிப் பார்க்க வேண்டிய சீமை

விடுமுறை நெருங்கினால் நம்மவர்களுக்குப் பிரயாண ஆசை பிடித்துக் கொள்கிறது. முன்னெல்லாம் காசி, ராமேசுவரம் என்றார்கள். பிறகு உதகை, கொடைக்கானல் என்றார்கள். இப்போதோ பெங்களூரில் ஆகாய விமானம் ஏறித் தாய்லாந்து, கம்போடியா என்று கடல் கடப்பது சாதாரண விஷயமாகி விட்டது. அதிலும் சிலர், "எல்லோரும் போகிற இடத்துக்கு நாமும் போவானேன்?" என்று கேட்டு, லாவோஸைப் போல அதிகம் பேர் அறியாத தேசமாகத் தேடிப் பிடிக்கிறார்கள். அங்கே வாட் பூ என்னுமிடத்தில், மலைச்சாரலில் பழைய சிவாலயம் ஒன்று பாதி இடிந்து நிற்பதைக் கண்டு மெய்சிலிர்த்துத் திரும்புகிறார்கள்.

அறியாத இடத்தைக் காண விரும்புவது உயர்ந்த குணந்தான். அந்தக் குணமுடைய நேயர்களுக்கு நாமும் ஒரு சீமையைச் சிபாரிசு செய்ய விரும்புகிறோம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். விமானச் சீட்டும் வேண்டாம். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வந்தால் போதும். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த நம்முடைய எல்லைச் சீமையைத்தான் சொல்கிறோம்.

"ஓசூரா? அங்கே தொழிற்சாலைகளைத் தவிர என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ராஜபாட்டையும், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் ராஜபாட்டையும் ஒன்றாக வந்து கிருஷ்ணகிரியில்தான் பிரிகின்றன. இரவும் பகலும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காப்பி குடிக்க நிறுத்துகிறவர்கள் உண்டு. சுங்கச் சாவடியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஊரைப் பார்க்க நிறுத்துகிறவர்கள் அபூர்வம். இந்தப் பக்கத்தில் பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நமக்கு இது ஒரு மனக்குறை.

முதலில் தொன்மையைச் சொல்வோம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் மயிலாடும்பாறை என்று ஒரு சிற்றூர். அங்கே அகழ்ந்தெடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், கிறிஸ்து பிறப்பதற்கு 2172 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பின் உபயோகம் அங்கே இருந்தது என்று 2022-ஆம் வருஷம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் அறிவித்தார்கள். அதைக் காட்டிலும் முந்திய காலம் தூத்துக்குடி ஜில்லாவின் சிவகளைக்கு உண்டென்று 2025-இல் அறிவிப்பு வந்துவிட்டது. ஆனாலும், தமிழகத்தின் இரும்புக் காலத்தை இவ்வளவு பின்னே கொண்டு செல்லலாம் என்ற துணிவை முதலில் தந்தது இந்தப் பாறைதான்.

மல்லச்சந்திரத்தில் குன்றின்மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பெரிய பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கூரையாக ஏற்றிய ஈமச் சின்னங்கள் அவை. இத்தகையவற்றைக் கண்ட இடமெல்லாம் நாட்டுப்புறத்தார் 'பாண்டவர் வீடு' என்று சொல்வதுண்டு. மல்லப்பாடியிலோ, பாறையின்மேல் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன.

சரித்திரத்துக்கும் குறைவில்லை. ஓசூர் மலைமேல் வீற்றிருக்கும் சந்திரசூடேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், இவ்வூரின் பழைய பெயர் செவிடபாடி என்கிறார்கள். 'ஹொச ஊரு', அதாவது புதிய ஊர் என்ற கன்னடப் பெயர் பின்னால் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜ்யம் சகோதரர் இருவருக்குள் பிரிந்தபோது, தம்பியாகிய வீர ராமநாதன் பின்னாளில் இங்குள்ள குந்தாணியிலிருந்து அரசாண்டான். ஒரு பேரரசின் ஒரு பாதிக்குத் தலைநகராயிருந்த அந்த ஊர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மலைக்கு கீழேயுள்ள கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1791-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கர்னல் மாக்ஸ்வெல் என்ற தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினான். கீழ்க்கோட்டையைப் பிடிக்க முடிந்ததே தவிர, திப்புவின் வீரர்கள் காத்த மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அந்தச் செங்குத்தான பாறையை அண்ணாந்து பார்த்தால் காரணம் தானே விளங்கும். மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால்தான் பாராமகால் கும்பினியார் கைக்குப் போயிற்று. அதன்பின் 1799 வரையில் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இந்த நாட்டு நிலங்களை அளந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமிருந்தே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. சென்னை மாகாணத்துக் குடியானவர்களின் தலைவிதியை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிர்ணயித்த கணக்கு இந்த வயல்களில் போட்ட கணக்கு!

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு வீடு. அந்த வீட்டில்தான் 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்தார். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1930-இல் வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை நடத்தி, 1948-இல் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலான மனிதர் நடக்கப் பழகிய வீடு அது. சர்க்கார் அதை நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பதவியின் உயரத்தையும் வீட்டின் எளிமையையும் அவர்களே ஒப்பிட்டுக் கொள்வார்கள்.

இயற்கைக் காட்சி வேண்டுவோர் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகலாம். ஓசூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றிலே எப்போதும் ஒரு குளிர்ச்சி. வெள்ளைக்காரர்கள் தளியை 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தார்களாம். அதற்கப்பால் மேலகிரி மலைகளும் யானைக் காடுகளும் காவிரி வரை நீண்டு கிடக்கின்றன. 2014-இல் அங்கே காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. கிருஷ்ணகிரியில் தென்பெண்ணையின் குறுக்கே 1957-இல் திறந்த அணை இருக்கிறது. அணைக்கு வெளியே கடைகளில் சுடச்சுட மீன் வறுத்துத் தருவார்கள். தை மாதத்தில் வந்தால் எருது விடும் விழா. கோடையில் வந்தால் வழிநெடுக மாம்பழம். சைவ நேயர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் உண்டு.

பாஷை விஷயமும் ஒரு விசேஷந்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் எங்கள் கடைவீதியில் ஒரே மூச்சில் கேட்கும். தொழிற்பேட்டைகள் வந்த பின் ஹிந்தியும் ஒடியாவும் வங்காளியும் சேர்ந்து கொண்டன. கைக்கடிகாரமும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் கைகள் பல மாகாணத்துக் கைகள். பல பாஷைக்காரர்கள் ஒரு தெருவில் குடியிருந்து எப்படிக் காலந்தள்ளுகிறார்கள் என்று அறிய விரும்புவோர் இங்கே வந்து இரண்டு நாள் தங்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முக்கியமான காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஜில்லாவில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவன், புலியோடு பொருது மாண்டவன், ஊருக்காக உயிர் கொடுத்தவன் ஆகியோருக்கு அவ்வூரார் எடுத்த கற்கள் அவை. அவற்றில் பலவற்றை இன்றும் குடியானவர்கள் வேடியப்பன் என்ற பெயரால் பூஜிக்கிறார்கள். பொங்கலிட்டு மாலை சாற்றும் கல்லை யாரும் அசைப்பதில்லை. பூஜை நின்றுபோன கல்லின் கதி வேறு. சில துணி துவைக்கும் கல்லாகின்றன. சில பாலத்தின் அடியில் போகின்றன. கல்திட்டைகளுக்கு இருக்கும் ஆபத்து இன்னும் பெரிது. புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்கள் ஒரு பக்கம். இந்த ஜில்லாவின் கருங்கல் தேச தேசாந்தரங்களுக்கு ஏற்றுமதியாவதால், குன்றுகளையே அறுத்தெடுக்கும் தொழில் மற்றொரு பக்கம். தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனால் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆனால் எந்தக் குன்றை வெட்டலாம், எந்தக் குன்றை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்க நாலு பேர் வேண்டாமா? பார்த்தவன்தான் கேட்பான்.

இது முன்பே அநுபவப்பட்ட விஷயம். கிருஷ்ணகிரிக்கு 1905-இலேயே திருப்பத்தூரிலிருந்து சிறிய ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு 1913-இல் இன்னொன்று வந்தது. யுத்த காலத்தில், 1941-இல், இரண்டையும் நிறுத்தி விட்டார்கள். ஓசூருக்குப் பின்னால் வேறு பாதையில் ரயில் வந்தது. ஜில்லாவின் தலைநகரான கிருஷ்ணகிரி இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கிறது. கல்லும் அப்படித்தான், ஒருமுறை போனால் திரும்புவது அரிது.

ஆகையால் நேயர்கள் அடுத்த முறை இவ்வழியே போகும்போது இரண்டு நாள் ஒதுக்கி வாருங்கள். முதல் நாள் ஓசூர்க் கோயிலும் தொரப்பள்ளியும் தளியும். மறுநாள் மல்லச்சந்திரம், கிருஷ்ணகிரிக் கோட்டை, அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள். ஊராரிடம் வழி கேளுங்கள். தெரியாத பாஷையில் பதில் வந்தாலும் கூடவே வந்து காட்டுவார்கள். வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் இந்தக் கல்லைப் பார்க்க வந்தது என்ற செய்தி கிராமத்தில் பரவினால், அந்தக் கல்லுக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.