மூடிய கிணறு சொல்லும் சேதி

கோப்பெங்கில் டூலாங் தட்டோடு ஈயம் அலசிய பெண்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஓரிடத்து மணல் கொடுத்ததைப் பத்தடி தள்ளியுள்ள மணல் கொடுக்காது. சந்தேகம் வந்தால் அங்கே போய் இன்னொரு தட்டு அள்ளிப் பார்த்துவிடுவார்கள்.

திரங்கானு கடலில் டூலாங் என்ற பெயரிலேயே ஓர் எண்ணெய் வயல் இருக்கிறது. அங்கே அப்படி அள்ளிப் பார்க்க வழியில்லை. ஒரு துளை போடுவதற்கே பெரும் செலவு. எண்ணெய்ப் பாறையும் ஈய மணலைப் போலத்தான், இடத்துக்கு இடம் மாறும். பழங்கால ஆறு மணல் கொட்டிய இடத்தில் எண்ணெய் தாராளமாக நகரும். சேறு படிந்த இடத்தில் திணறும்.

ஒரே துளையில் இருந்துகொண்டு தூரத்துப் பாறையை எப்படி அறிவது? கிணற்றை இறைத்துவிட்டு ஊறுவதைப் பார்ப்போமே, அதே வேலைதான். எண்ணெயைக் கொஞ்சகாலம் ஓடவிட்டுக் கிணற்றை மூடுவார்கள். அடியில் இறக்கிய மானி, அழுத்தம் ஏறுவதைக் குறித்துக்கொண்டே இருக்கும். இதன் கணக்கும் தண்ணீரிலிருந்து வந்ததுதான்: 1935இல் தைஸ் என்ற அமெரிக்கர் நிலத்தடி நீருக்கு எழுதியது.

அழுத்த மாற்றம் பாறைக்குள் மெல்லத்தான் பரவும். இரு மடங்கு தூரம் எட்ட நான்கு மடங்கு நேரமாகும். ஆகவே முதலில் பதிவாவது பக்கத்துப் பாறை, பிறகு பதிவாவது தொலைவுப் பாறை. நேரத்தை மடக்கை அளவில் வைத்து வரைந்தால், சீரான பாறையில் அழுத்தம் நேர்கோடாக ஏறும். பாறை இறுக இறுகக் கோட்டின் சாய்வு கூடும். நடுவில் சாய்வு மாறினால் அங்கே பாறை மாறுகிறது என்று கொள்ளலாம்.

எப்படி மாறுகிறது என்பதில்தான் சிக்கல். ஒரு பக்கம் எண்ணெயே புகாத நேர்ச்சுவர் இருந்தால் சாய்வு கடைசியில் இரு மடங்காகும். சுவரே இல்லாமல், கிணற்றருகே உள்ள பாறையைச் சுற்றி, எண்ணெயைக் கடத்தும் திறன் அதில் பாதியே உள்ள பாறை வளையமாக இருந்தாலும் அதே இரு மடங்குதான்! இடையில் கோடு வளையும் விதத்தில் மட்டும் சிறு வேறுபாடு. இரு மடங்கைப் பார்த்ததும் ‘சுவர்தான்’ என்று அடித்துச் சொல்வது அவசரம் என்பேன். சுவரே என்றாலும் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒற்றைக் கிணறு சொல்லாது. நில அதிர்வுப் படத்தையும் பக்கத்துக் கிணறுகளையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் கோப்பெங்கிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்து காஜாவைத் தாண்டினால் ஸ்ரீ இஸ்கண்டாரில், பழைய ஈயச் சுரங்க நிலத்திலேயே, 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது.