தீவெங்கும் காற்று, குசினிக்குள் புகை

2020 டிசம்பரில் நமது தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணை திறந்து வைக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட் மின்சாரம். சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் இந்த மண்ணில் இருந்துகொண்டு, வீட்டுக்குள் நல்ல காற்று இல்லை என்று ஒருத்தி கட்டுரை எழுதினால் வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம்மில் பலருடைய உம்மாமார் நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் நிற்கும் இடத்துக்கு அந்தக் காற்று வருவதில்லை. அங்கே இருப்பது புகை.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். சுவாசத் தொகுதி பற்றிப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில் என் உம்மாவின் இருமல் நிற்காமல் நீண்டுகொண்டே போனது. வைத்தியரிடம் அழைத்துப் போனோம். நெஞ்சைச் சோதித்த அவர், “வீட்டில யாராவது சிகரெட் குடிக்கிறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “அப்ப எந்த அடுப்பில சமைக்கிறீங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியும் சாம்பலுமே மிஞ்சும். வீட்டு அடுப்பில் அப்படி எரிவதில்லை. எரியாமல் மிஞ்சுவதுதான் புகை. அதில் இரண்டு பொருட்களை நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது நுண்துணிக்கைகள். 2.5 மைக்கிரோமீற்றரும் அதைவிடச் சிறியனவுமான இவை, நமது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். இவற்றைப் பிடிக்க முடியாது. இவை நுரையீரலின் சிற்றறைகள் வரை போகும். மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை நெஞ்சோடு நிற்காமல் இருதயத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது.

இரண்டாவது காபனோரொட்சைட்டு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு இது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சமையல் முடிந்ததும் வரும் தலையிடியையும் சோர்வையும் வெக்கையால் வந்தவை என்று நினைத்துவிடுகிறோம். பல வேளைகளில் காரணம் இந்த வாயுவாக இருக்கலாம். மூடிய அறையில் தணல் வைத்துக்கொண்டு உறங்குவது உயிரையே பறிக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, வீட்டு அடுப்புப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்துள்ளனர். அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். காற்றோட்டம் குறைந்த வீட்டில் நுண்துணிக்கைகளின் அளவு, ஏற்கத்தக்க அளவைப் போல் நூறு மடங்கு வரை உயரலாம் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. சிகரெட்டைத் தொட்டும் பார்க்காத பெண்களுக்கு நாட்பட்ட சுவாச நோய் வருவது இப்படித்தான். கண்புரைக்கும், பிள்ளை நிறை குறைந்து பிறப்பதற்கும்கூட இந்தப் புகையோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

குசினி வீட்டுக்குள் வந்த கதை

விறகில் சமைப்பது நமக்குப் புதிதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்போதும் இலங்கையில் நான்கில் மூன்றுக்கும் அதிகமான வீடுகள் விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், விறகை விட்டிருந்தவர்களும் அதற்குத் திரும்பினார்கள். இன்றும் தேநீருக்கு எரிவாயு, சோற்றுக்கு விறகு என்று இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் பல.

மாறியது குசினி. உம்மும்மாவின் காலத்துக் குசினி வீட்டிலிருந்து தள்ளி நின்றது. கிடுகால் மேய்ந்து, பனையோலையால் அடைத்த குசினி. ஓலைக்கும் ஓலைக்கும் இடையால் புகை தானாகவே வெளியேறியது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வீடுகளும் போயின. புத்தளத்து முகாம்களில் சமைத்ததும் படுத்ததும் ஒரே கூரையின் கீழ். பின்பு மீள்குடியேறிக் கட்டிய வீடுகள் பலவற்றில் குசினி, வீட்டுக்குள் ஓர் அறையாகிவிட்டது. சீமெந்துக் கல் சுவர், தகரம் அல்லது ஓடு, ஒரு சின்ன யன்னல். வீடு உறுதியானது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பழைய அடுப்பையும் உடைவிறகையும் கங்குமட்டையையும் நாம் அந்த அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம். புகை போகும் வழியை மட்டும் கொண்டுவரவில்லை.

இருக்கும் யன்னலையும் ஏன் மூடுகிறோம்? சோளகம் வீசினால் மணல் சோற்றுக்குள் விழும், அடுப்பும் அணையும். வாடையில் மழைச்சாரல் அடிக்கும். ஆகவே “யன்னலைத் திறந்து வையுங்கள்” என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே உம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று சொல்ல வேண்டும். காற்று அடிக்கும் பக்கத்தை மூடிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கச் சுவரின் மேற்பகுதியைத் திறக்க வேண்டும். வீட்டைச் சுற்றிக் கடக்கும் காற்று, மறைவுப் பக்கத்தால் உள்ளிருக்கும் புகையை இழுத்தெடுக்கும். சூடான புகை மேலே எழுவதால் திறப்பு உயரத்தில் இருப்பதே நல்லது. சோளகத்தில் வடகிழக்கும், வாடையில் தென்மேற்கும் திறந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் வாப்பா இரண்டு பக்கமும் கூரைக்குச் சற்றுக் கீழே சில கற்களை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தார். காலத்துக்கேற்ப ஒரு பக்கத்தைத் தகரத்தால் மூடிக்கொள்கிறோம். குசினிச் சுவரில் கரி படிவது குறைந்திருக்கிறது. உம்மாவுக்கு இருமல் இன்னும் உண்டு, ஆனால் இரவில் எழுந்து உட்காருவது குறைந்துவிட்டது.

நுளம்புத்திரியும் சாம்பிராணியும்

புகை குசினியில் மட்டும் இல்லை. 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துணிக்கைகள் 75 முதல் 137 சிகரெட்டுகளில் இருந்து வருவதற்குச் சமம் என்று கண்டது. அதற்காக நுளம்பைச் சும்மா விட முடியாது. மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை 2016 இல் சான்று பெற்றது. அதே ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பும் புதிய வகை நுளம்பு ஒன்று மன்னாரிலேயே முதலில் கண்டறியப்பட்டது. டெங்குப் பயமும் இருக்கிறது. ஆகவே நுளம்புவலையே நல்லது. அது புகையாது, விடியும் வரை காக்கும்.

பிள்ளை பெற்ற வீட்டில் கதவை அடைத்துச் சாம்பிராணி போடுவது நமது வழக்கம். மணம் நல்லதுதான். ஆனால் பிறந்த பிள்ளை நம்மைவிட வேகமாக மூச்செடுக்கும், அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. சாம்பிராணியை அறையில் காட்டி, புகை முழுதும் போன பின்பு பிள்ளையை உள்ளே கொண்டு வந்தால் மணமும் இருக்கும், பிள்ளையும் தப்பும்.

றமழானில் இன்னும் கவனம் வேண்டும். ஸஹருக்காக நள்ளிரவு கடந்து அடுப்பு மூட்டும்போது கதவு யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும். பக்கத்து அறையில் பிள்ளைகள் உறங்குவார்கள். குசினிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்தி, வெளிப்பக்கத்தைத் திறந்து வைப்பது அந்த நேரத்தில் பெரிய காரியம்.

நம்மால் செய்யக்கூடியவை

இயன்றவர்கள் எரிவாயுவுக்கோ மின் அடுப்புக்கோ மாறலாம். இயலாதவர்கள் ஈர விறகை எரிக்காதிருக்கலாம். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகி, புகை கூடுகிறது. வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பிளந்து, காயவைத்து, மழைபடாமல் அடுக்கினால் போதும். அடுப்புப் பற்றவைக்கச் சொப்பின் பையையும் லன்ச் சீற்றையும் போடுவதை இன்றே நிறுத்தலாம். பிளாத்திக்குப் புகை விறகுப் புகையைவிட நஞ்சு. இரண்டு பானை வைக்கும் ஆனகி களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், புகையையும் குறைக்கும். ஆனால் புகைக்கூட்டின் வேலையை அது செய்யாது. புகைக்கூடு கட்டுபவர்கள் அதன் வாயைக் கூரை முகட்டைவிட உயரமாக வைக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நமது காற்று புகையைத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும் உம்மாவிடமிருந்து தம்பி தங்கையை வாங்கி வெளியே போவது, சகோதரிகளே, நம் கையில் இருக்கிறது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வீடு கட்டும்போது மேசனோடு பேசுபவர்கள் பெரும்பாலும் வாப்பாமார். முன்வாசலின் அழகு பற்றி நீண்ட நேரம் பேசப்படுகிறது. குசினி, மிஞ்சிய மூலையில் மிஞ்சிய கல்லால் எழும்புகிறது. அங்கே நிற்பவரிடம் யாரும் கேட்பதில்லை. நாளைக்கு அங்கே நிற்கப்போவது நாங்கள். அடுத்த முறை அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும்போது உம்மாவையும் கூப்பிடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, புகை எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.