வேகப் போட்டியை வென்ற வெப்பம்

அக்னி நட்சத்திர வெயிலில், 2022 மே 25 அன்று, திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில், சுமார் 19 கோடி ரூபாய் செலவில் சி-டாக் நிறுவனம் இதை அமைத்தது. அதன் உச்சத் திறன், நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்.

அப்படியென்றால் உள்ளே இருக்கும் ப்ராசஸர்கள் அசுர வேகத்தில் துடிக்க வேண்டுமே? இல்லை. பொதுவாக இத்தகைய இயந்திரங்களின் ப்ராசஸர்கள், கேமிங் கம்ப்யூட்டரில் இருப்பதைவிட நிதானமாகத்தான் ஓடுகின்றன. காரணம், ஒரு பெரும் போட்டியும் அதன் தோல்வியும்.

1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லு நொடிக்குச் சுமார் ஏழரை லட்சம் முறை துடித்தது. 1993-ல் பென்டியம், 6 கோடி. 2000 மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. நிறுவனம் 100 கோடியை, அதாவது ஒரு கிகாஹெர்ட்ஸை எட்டியதாக அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் எட்டியது. 2004-ல் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை இன்டெல் அதே ஆண்டு கைவிட்டது.

தடுத்தது சூடு. சில்லு தின்னும் மின்சாரம் துடிப்பின் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் 20 சதவீதம் கூட்டினால் மின்செலவு சுமார் 73 சதவீதம் எகிறும். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்படிக் குறைத்த இரண்டு கோர்களை, அதாவது ஒரே சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு பகுதிகளை, சேர்த்து ஓட்டினால், பழைய மின்செலவிலேயே ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை நடக்கும். மல்டிகோர் பிறந்த கணக்கு இதுதான். பரம் பொருளின் பலமும் பல ப்ராசஸர்கள் ஒன்றுகூடி உழைப்பதில் இருக்கிறது. அவற்றின் சூட்டை, அருகிலேயே குழாயில் ஓடும் திரவம் வாங்கிக்கொண்டு போகிறது.

ஆனால் வேலையைப் பங்கு பிரித்துக் கொடுக்காவிட்டால் ஒரு கோர் மட்டும் உழைக்கும், மற்றவை சும்மா இருக்கும். பிரிப்பது புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு. வேகம் சில்லு செய்பவர் கையிலிருந்து அவர் கைக்கு வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று தமிழிலேயே நூல் எழுதி நமக்குச் சில்லுகளை அறிமுகப்படுத்தினார். அவர் ஊரைச் சுற்றி இன்று எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். அவற்றில், வேலையைக் கோர்களுக்குப் பங்கு பிரிக்கும் இணைநிலை புரோகிராமிங்கை முதலாண்டிலேயே, தமிழில் விளக்கி, கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும் பெற்றோரே, கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை கோர், சூடு தணிக்க என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.