ஒரு கிராமுக்கு நூறு நிமிடம்

"அப்பாவுக்கு வான்கோமைசின் டிரிப்ஸ் போட்டாங்க. சொட்டு ரொம்ப மெதுவா விழுதேன்னு டியூப்ல இருக்கிற சக்கரத்தை நாங்களே தள்ளிவிட்டோம். முகம், கழுத்தெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. இனி இந்த மருந்தே ஆகாதா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

பெரும்பாலும் ஆகும். இப்படி நேரும்போது பல சமயம் ஒத்துக்கொள்ளாதது மருந்தல்ல, வேகம்.

நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்படியானால் ஒரு கிராம் ஏற 100 நிமிடம். 200 மி.லி. சலைனில் கலந்து, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் ஏற்றினால் நிமிடத்துக்கு 40 சொட்டு. வாட்சைப் பார்த்தபடி நர்ஸ் வாய்க்குள் எண்ணுவது இதைத்தான்.

தோலில் ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்லைத் தெருமுனைக் காவலாளி என்று வைத்துக்கொள்வோம். அசல் அலர்ஜியில் அவர் கையில் பழைய ஆசாமியின் போட்டோ இருக்கும், அதுதான் ஐ.ஜி.இ. முகம் பொருந்தினால் விசில். வான்கோமைசினுக்குப் போட்டோ தேவையில்லை. எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்2 என்ற ஏற்பியை, அதாவது காவலாளியின் கால் விரலை, நேராகவே மிதித்துவிடும். அதனால்தான் முதல் டோஸிலேயே அரிக்கிறது. ஒவ்வொருவராகப் போனால் வம்பில்லை. தேர்க்கூட்டமாக நெரித்துக்கொண்டு போனால்? முன்பே மார்பின் போட்டிருந்தால் விரல் ஏற்கெனவே மிதிபட்டிருக்கும். ஆன்டிஹிஸ்டமின் விசிலை நிறுத்தாது, தெருக்காரர்கள் காதில் பஞ்சு வைக்கும். காவலாளிக்குச் செருப்பு மாட்டிவிடும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

வரலாறும் கொஞ்சம். போர்னியோ மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எலி லில்லி கம்பெனி இந்த மருந்தை எடுத்தது. 1958இல் அமெரிக்க அனுமதி. அழுக்கு கலந்து பழுப்பாக இருந்ததால் 'மிசிசிப்பி சேறு' என்று கேலி செய்தார்கள். சிவப்புக்கும் அந்த அழுக்கின் மேலேயே பழி. அழுக்கு போனது, சிவப்பு முழுதாகப் போகவில்லை.

வான்கோமைசினுக்குத் தரும் 'கடைசி ஆயுதம்' என்ற பட்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமிக்கு நல்ல மருந்து, சரி. ஆனால் கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வில் நுழைய முடியாத பருத்த மூலக்கூறு. செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கோ அந்த செஃபசோலினே மேல்.

மறுபடி டிரிப்ஸுக்கு வருவோம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமலே போகலாம். அனுபவமுள்ள நர்ஸ், "கழுத்துல அரிக்குதாங்க ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆமாம் என்றால் டிரிப்ஸை நிறுத்தி, பி.பி. பார்த்து, டாக்டரைக் கூப்பிடுவார்; அடங்கியபின் பாதி வேகத்தில் தொடர்வதுண்டு. மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்தால் கதையே வேறு, அது அவசரம். சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின் பார்ப்பது தனி.

கேஸ் ஷீட்டில் 'வான்கோமைசின் அலர்ஜி' என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை நிமிடத்தில் ஏறியது என்பதையும் டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.